டாஸ்க்பாரில் பல்சக்கரம், தட்டினால் ‘கஆ’: செயலி எழுதுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்தமாகச் செயலி எழுதி, கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறுவித் தரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கணக்கு சரியாக வருகிறது, பிரிண்ட் சரியாக விழுகிறது. ஆனால் விண்டோஸோடும் லினக்ஸ் டெஸ்க்டாப்போடும் செயலி ஒட்டமாட்டேன் என்கிறது என்பதே பெரும்பாலான கடிதங்களில் உள்ள புகார்.

கேள்வி: பைத்தானில் டிகின்டர் (விண்டோ, பொத்தான்களை வரையும் நூலகம்) கொண்டு எழுதிய பில்லிங் செயலியை உபுண்டுவில் நிறுவினேன். மெனுவில் என் ஐகான் வருகிறது. திறந்ததும் டாக்கில் (திரை ஓரத்து ஐகான் பட்டையில்) அதற்குப் பக்கத்தில் ஒரு பல்சக்கர ஐகான் தனியாக முளைக்கிறது. பின் செய்து வைத்தாலும் அடுத்த முறை இரண்டாகிவிடுகிறது. ஏன்? (ஈரோடு வாசகர்)

பதில்: மெனுவில் உள்ள பதிவும் திரையில் ஓடும் விண்டோவும் ஒரே செயலியைச் சேர்ந்தவை என்று டெஸ்க்டாப்புக்குத் தெரியவில்லை. அது ஊகித்துக்கொள்ளாது, பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் சேர்க்கும்.

மெனுப் பதிவு என்பது டாட் டெஸ்க்டாப் என்று முடியும் சிறு உரை ஃபைல். ஒருவருக்கு மட்டும் என்றால் ஹோம் ஃபோல்டரில் ‘டாட் லோக்கல் / ஷேர் / அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்திலும், எல்லோருக்கும் என்றால் ‘யூஎஸ்ஆர் / ஷேர் / அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்திலும் இருக்க வேண்டும். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அமைப்புகள் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலேண்ட். ஆகவே விண்டோ தன் பெயரைச் சொல்வதும் இரண்டு வழிகளில். எக்ஸ்11-இல் ‘டபிள்யூஎம் கிளாஸ்’ என்ற பண்பு; வேலேண்டில் ‘ஆப் ஐடி’. டிகின்டர் எக்ஸ்11 வழியாகவே ஓடுவதால் முதலாவதைப் பாருங்கள். டெர்மினலில் எக்ஸ்புராப் கட்டளையை ஓட்டி உங்கள் விண்டோமீது ஒரு கிளிக் செய்தால், டபிள்யூஎம் கிளாஸ் வரியில் இரண்டு பெயர்கள் வரும். நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாவது பெயர் வெறும் ‘டிகே’ என்றிருக்கும். டிகின்டரில் எழுதிய எல்லாச் செயலிக்கும் அதே பெயர்தான்.

எனவே பதிவு ஃபைலில் ‘ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ்’ வரியில் டிகே என்று எழுதிச் சமாளிக்காதீர்கள். அடுத்தவர் எழுதிய டிகின்டர் செயலி உங்கள் ஐகானுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிகே விண்டோவை உருவாக்கும் இடத்திலேயே கிளாஸ்நேம் என்ற அளபுருவுக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். டிகே அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்புராப் காட்டும் இரண்டாவது பெயரை அப்படியே எடுத்துப் பதிவில் எழுதுங்கள்.

ஜிடிகே, க்யூட்டி போன்ற இடைமுக நூலகங்களில் எழுதி வேலேண்டில் ஓட்டுபவர்களுக்கு வழி இன்னும் நேரானது. தளப் பெயரைத் தலைகீழாக எழுதும் முறையில் ஒரு அடையாளத்தை முடிவு செய்யுங்கள். டெஸ்க்டாப் ஃபைலின் பெயர், ஜிடிகேயின் அப்ளிகேஷன் ஐடி, ஐகான் ஃபைலின் பெயர் மூன்றும் அதுவாகவே இருக்கட்டும். க்யூட்டியில் ‘செட் டெஸ்க்டாப் ஃபைல் நேம்’ என்ற செயல்கூறை விண்டோ திறக்கும் முன்பே அழைக்க வேண்டும். கடைசியில் டாட் டெஸ்க்டாப் என்ற ஒட்டைச் சேர்க்கக் கூடாது. இதை விட்டுவிட்டால் பைத்தானில் எழுதியது ‘பைத்தான்3’ என்ற பெயரில் போய் நிற்கக்கூடும். க்னோம் டெஸ்க்டாப்பில் எந்தப் பெயர் போகிறது என்று பார்க்க ஆல்ட்+எஃப்2 அழுத்தி, சிறிய எழுத்தில் எல், ஜி என்று தட்டுங்கள். திறக்கும் கருவியில் விண்டோஸ் என்ற தாவலில் ஒவ்வொரு விண்டோவும் எந்தச் செயலியோடு சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கும்.

அதே ஃபைலில் அடிக்கடி நடக்கும் மற்ற தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். எக்ஸெக் வரி ஷெல் வழியாக ஓடுவதில்லை. அலைக்குறியோ டாலர் ஹோமோ போட்டால் விரியாது, முழுப் பாதை வேண்டும். ஐகான் வரியில் பெயர் மட்டும். டாட் பிஎன்ஜி என்ற ஒட்டு வேண்டாம். அந்தப் பெயரில் 48×48 பிக்ஸல் பிஎன்ஜி ஒன்றாவது ஹைகலர் தீமின் ஆப்ஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டும்; கூடவே ஸ்கேலபிள் ஃபோல்டரில் ஒரு எஸ்விஜி வைத்தால் பெரிய திரையிலும் தெளிவாக இருக்கும். கேட்டகரீஸ் வரியில் ஆஃபிஸ், ஃபைனான்ஸ் என்று அரைப்புள்ளியிட்டு எழுதுங்கள். ஃபைனான்ஸ் மட்டும் தனியாகப் போதாது, அது துணைப் பிரிவு. தமிழில் பெயர் தெரிய வேண்டுமென்றால் நேம் வரிக்குக் கீழே, தமிழ் மொழிக்குறியீட்டைச் சதுர அடைப்பில் இட்டு இன்னொரு நேம் வரி. கடைசியாக ‘டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட்’ கட்டளையை ஓட்டுங்கள். அது முணுமுணுக்கும் எச்சரிக்கைகளைக்கூட விடாமல் சரிசெய்வது நல்லது.

கேள்வி: விண்டோஸிலும் இதே இரட்டை ஐகான் தொல்லை உண்டா? (திருச்சி வாசகர்)

பதில்: உண்டு. அங்கே அடையாளத்தின் பெயர் ‘ஆப் யூசர் மாடல் ஐடி’. விண்டோஸ் 7-இல் வந்தது. துவக்கி ஒன்று ஓடி, அது உண்மையான செயலியைத் திறந்துவிட்டுப் போகும் அமைப்பில்தான் பிரச்சினை வரும். விண்டோ தோன்றும் முன் செயலி தன் ஐடியை அறிவிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் இன்ஸ்டாலர் வைக்கும் ஷார்ட்கட்டிலும் அதே ஐடி பதிந்திருக்க வேண்டும். ஷார்ட்கட்டில் ஐடி இல்லாவிட்டால் திரை மூலையில் எழும் டோஸ்ட் அறிவிப்புகளும் ஒழுங்காக வராது. ஐகோ ஃபைலுக்குள் 16, 24, 32, 48, 256 ஆகிய ஐந்து அளவுகளையாவது வையுங்கள். 16 பிக்ஸல் படத்தைப் பெரியதிலிருந்து சுருக்காமல் தனியாக வரையுங்கள். சுருக்கினால் ரூபாய்க் குறி வெறும் கறையாகிவிடும்.

கேள்வி: வாடிக்கையாளர் புது லேப்டாப் வாங்கினார். 150 சதவீத ஸ்கேலிங். என் கணக்குச் செயலியின் எழுத்து மட்டும் மங்கலாக இருக்கிறது, மற்றவை கூர்மையாக இருக்கின்றன. சில இடங்களில் தமிழ் எழுத்தின் கால் வெட்டுப்படுகிறது. (திருப்பூர் வாசகர்)

பதில்: இரண்டும் தனித்தனி நோய்கள்.

மங்கலுக்குக் காரணம்: உங்கள் செயலி திரையின் அடர்த்தியைப் பற்றி எதுவும் தெரியாது என்று அறிவித்திருக்கிறது, அல்லது எதுவுமே அறிவிக்கவில்லை. அப்போது விண்டோஸ் அதை 96 டிபிஐயில் (அங்குலத்துக்கு 96 புள்ளி) வரையச் சொல்லி, வந்த படத்தை ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டுகிறது. தீர்வு, மேனிஃபெஸ்டில் (செயலியைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் விவரத்தில்) டிபிஐ அவேர்னெஸ் இடத்தில் ‘பெர் மானிட்டர் வி2’ என்று எழுதுவது. இது விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. டாட்நெட் 6 அல்லது அதற்குப் பிந்தையதில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் எழுதுபவர்கள் இதைப் புராஜெக்ட் ஃபைலிலேயே ‘அப்ளிகேஷன் ஹை டிபிஐ மோட்’ என்ற பண்பாகத் தரலாம்.

ஆனால் அறிவித்துவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில். 96-க்கு 200 பிக்ஸல் அகலம் வைத்த பெட்டிக்கு 144 டிபிஐயில் 300 வேண்டும். லேப்டாப்பிலிருந்து வெளித்திரைக்கு விண்டோவை இழுக்கும்போது ‘டபிள்யூஎம் டிபிஐ சேஞ்ச்ட்’ என்ற செய்தி வரும். அதனுடனேயே புதிய அளவு கொண்ட செவ்வகம் ஒன்றையும் விண்டோஸ் தருகிறது. அந்த அளவை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களே கணக்குப் போட்டு வேறு அளவு வைத்தால், இரு திரைகளின் எல்லையில் விண்டோ பெரிதாகிச் சிறிதாகி நடுங்கும்.

விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பழைய செயலி என்றால் மேனிஃபெஸ்ட் மாற்றுவது பெரிய வேலை. தற்காலிகமாக, இஎக்ஸ்இ ஃபைலின் புராபர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி தாவலுக்குப் போய், ஹை டிபிஐ அமைப்பில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தால் எழுத்துகள் ஓரளவு கூர்மையாகும். படங்கள் மங்கலாகவே இருக்கும்.

தமிழ் வெட்டுப்படுவது வேறு கதை. லேபிளுக்கு உயரத்தை எண்ணாக எழுதி வைத்திருப்பீர்கள். ஆங்கில எழுத்துக்குப் பொருந்திய உயரம் ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழிக்கும் ‘கி’, ‘ரீ’யின் மேல்கொக்கிக்கும் போதாது. உயரத்தையும் அகலத்தையும் எழுத்துருவிடம் கேட்டு வாங்கும் தளவமைப்புகளையே பயன்படுத்துங்கள். ஆட்டோசைஸ், டேபிள் லேஅவுட், கிரிட் எதுவானாலும் சரி. அகலத்திலும் இதே பிரச்சினை வரும். ‘பிரிண்ட்’ பொத்தானுக்கு அளந்த இடத்தில் ‘அச்சு முன்னோட்டம்’ உட்காராது. எழுத்துருவின் பெயரையும் நிரலில் அடித்து வைக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு நிர்மலா யுஐ இருக்கிறது, அதற்கு முன் லதா; கணினியின் இயல்பு எழுத்துருவைக் கேட்டால் எது உண்டோ அது தானாக வரும்.

கேள்வி: நானே வரைந்த டெக்ஸ்ட் எடிட்டர் கட்டுப்பாடு. லினக்ஸில் தமிழ்99 விசை வரிசையில் தட்டினால் ‘கா’ வருவதற்குப் பதில் ‘கஆ’ என்று வருகிறது. கெடிட் எடிட்டரில் சரியாக வருகிறது. (மதுரை வாசகர்)

பதில்: கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இதுதான். தமிழில் தட்ட முடியாத செயலியில் மற்ற அழகெல்லாம் இருந்து பயனில்லை.

தமிழ்99-இல் ஹெச் விசை ‘க’, க்யூ விசை ‘ஆ’. மெய்யெழுத்து விசைக்குப் பின் உயிர் விசை வந்தால் இரண்டும் கூடி உயிர்மெய் ஆக வேண்டும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதில் புள்ளி தானாக விழ வேண்டும்: ஜே, ஹெச், ஹெச், கே, எஃப் என்று தட்டினால் ‘பக்கம்’. இந்த விதிகளையெல்லாம் செய்வது ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு முறை. உங்கள் செயலி அல்ல. ‘க’ தட்டியதும் அது முடிவாகாத எழுத்தாக உள்ளீட்டு முறையின் கையில் நிற்கிறது. அடுத்த விசையைப் பார்த்தபின்தான் ‘கா’ என்றோ ‘க்க’ என்றோ முடிவு செய்து செயலியிடம் ஒப்படைக்கிறது.

நீங்கள் விசை அழுத்த நிகழ்வைப் பிடித்த உடனேயே எழுத்தைப் பஃபரில் போடுகிறீர்கள். உள்ளீட்டு முறைக்குக் கூட்டிச் சேர்க்க எதுவும் மிஞ்சவில்லை. வரிசையை மாற்ற வேண்டும். ஜிடிகேயில் ஒரு ‘ஐஎம் மல்டிகான்டெக்ஸ்ட்’ உருவாக்கி, விசை வந்ததும் முதலில் அதனிடம் கொடுங்கள். அது ‘நான் எடுத்துக்கொண்டேன்’ என்றால் நீங்கள் ஒன்றும் செய்யக் கூடாது. அதிலிருந்து ‘கமிட்’ சமிக்ஞை வரும்போது மட்டும் எழுத்தைச் சேருங்கள். ‘ப்ரீஎடிட் சேஞ்ச்ட்’ வரும்போது முடிவாகாத எழுத்தை அடிக்கோட்டுடன் காட்டுங்கள். க்யூட்டியில் ‘இன்புட் மெத்தட் எனேபிள்ட்’ பண்பை இயக்கி, ‘இன்புட் மெத்தட் ஈவன்ட்’ செயல்கூறை மேலெழுத வேண்டும். உள்ளீட்டு முறை கேட்கும்போது கர்சர் இருக்கும் செவ்வகத்தையும் சுற்றியுள்ள உரையையும் கொடுப்பது கட்டாயம். முதலாவதைக் கொடுக்காவிட்டால் பரிந்துரைப் பெட்டி திரையின் மூலையில் போய் நிற்கும். இரண்டாவதைக் கொடுக்காவிட்டால், ஏற்கெனவே உள்ள எழுத்தின் பக்கத்தில் கர்சரை வைத்துத் திருத்தும்போது கூட்டல் தவறும்.

நிரல் சரியாக இருந்தும் தமிழ் வராத இன்னொரு நிலை உண்டு. க்யூட்டி நூலகங்களையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகளில் ஐபஸுக்கான பிளகின் விடுபட்டிருக்கும். பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் ‘பிளாட்ஃபார்ம் இன்புட் கான்டெக்ஸ்ட்ஸ்’ என்ற ஃபோல்டர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ஊரில் எல்லா எடிட்டரிலும் வருகிறது, உங்களுடையதில் மட்டும் வரவில்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் தேட வேண்டிய இடம் இது.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. விசைப்பலகை அமைப்பில் உள்ள எக்ஸ்கேபி தமிழ் வரிசைகளில் இந்தக் கூட்டல் விதிகள் கிடையாது. விசைக்கு ஒரு குறி என்று நேராக வரும். அதில் தட்டிப் பார்த்துச் சரி என்று முடிவு கட்டாதீர்கள். ஐபஸில் எம்17என் தொகுப்பின் தமிழ்99-ஐச் சேர்த்துச் சோதியுங்கள். பிறகு எக்ஸ்கேபியிலும் ஒருமுறை பாருங்கள், வேறு காரணத்துக்காக: கன்ட்ரோல்+எஸ். தமிழ் வரிசை இயங்கும்போது எஸ் விசை இகரத்தைத் தரும். ‘வந்த எழுத்து எஸ்தானா’ என்று ஒப்பிடும் நிரலில் சேமிப்பு நடக்காது, பயனருக்கு அது தெரியவும் தெரியாது. ஜிடிகே, க்யூட்டி இரண்டின் ஷார்ட்கட் வசதியும் மற்ற விசை வரிசைகளையும் பார்த்துப் பொருத்தும். நீங்களே ஒப்பிட்டு எழுதினால்தான் வம்பு.

கர்சர் நகர்வையும் கவனியுங்கள். ‘கோ’ என்பது கணினிக்கு இரண்டு குறிகள், படிப்பவருக்கு ஓர் எழுத்து. அம்பு விசையும் டெலீட்டும் முழு எழுத்தைத் தாண்ட வேண்டும். பேக்ஸ்பேஸ் மட்டும் கடைசிக் குறியை எடுத்து ‘க’வை விட்டுவைப்பதே தமிழில் தட்டுவோர் பழகிய நடத்தை. எல்லைகளைக் கண்டுபிடிக்க ஐசியூ, பாங்கோ நூலகங்கள், அல்லது க்யூட்டியின் ‘டெக்ஸ்ட் பவுண்டரி ஃபைண்டர்’ போதும். நீளமான பெயரை வெட்டி மூன்று புள்ளி போடும் இடத்திலும் இதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் காலும் தனியாகத் தொங்கும்.

கேள்வி: பில் எண், கடை முகவரி எல்லாவற்றையும் செயலி இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதுகிறேன். பல வருடமாக ஓடியது. 64 பிட்டுக்கு மாற்றியதும் ‘அனுமதி இல்லை’ என்கிறது. (கோவை வாசகர்)

பதில்: இத்தனை வருடமும் ஓடியது விண்டோஸின் தயவில். விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரண பயனர் எழுத முடியாது. பழைய 32 பிட் செயலிகள் நின்றுவிடாமலிருக்க, மேனிஃபெஸ்ட் இல்லாத செயலி அங்கே எழுதினால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவில் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. 64 பிட் செயலிக்கு இந்தச் சலுகை இல்லை. ஆளுக்கொரு விர்ச்சுவல் ஸ்டோர் என்பதால், ஒரே கணினியில் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு பில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கவும் கூடும். மாற்றும் முன் எல்லாப் பயனரின் விர்ச்சுவல் ஸ்டோரையும் திறந்து, எது புதியது என்று பார்த்து எடுத்துவையுங்கள்.

‘அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்’ என்று சொல்வது தீர்வல்ல. பயனரின் விருப்பங்கள் ரோமிங் ஆப்டேட்டாவுக்கு, தற்காலிகக் கோப்புகளும் டேட்டாபேஸும் லோக்கல் ஆப்டேட்டாவுக்கு. கடையில் எல்லோரும் பகிரும் தரவு புரோகிராம் டேட்டாவுக்குப் போகட்டும். அங்கே ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் படிக்கலாம், எழுத முடியாது. ஆகவே உங்கள் துணை ஃபோல்டருக்கு எழுதும் உரிமையை இன்ஸ்டாலரே கொடுத்துவிட வேண்டும்.

பாதையை எழுத்தாகக் கட்டாதீர்கள், கணினியிடம் கேளுங்கள். பலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் இன்று ஒன்டிரைவுக்குள் இருக்கிறது. ‘சி டிரைவ், யூசர்ஸ், பெயர், டாக்குமென்ட்ஸ்’ என்று நீங்களாகக் கட்டினால் யாரும் பார்க்காத வேறொரு ஃபோல்டரில் எழுதுவீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலை ஒன்டிரைவுக்குள் வைப்பதும் ஆபத்து. பாதி எழுதிய நிலையில் அது நகலெடுக்கப்படலாம்.

லினக்ஸில் அமைப்புகள் ‘டாட் கான்ஃபிக்’, தரவு ‘டாட் லோக்கல் / ஷேர்’, அழித்தாலும் பரவாயில்லை என்பவை ‘டாட் கேஷ்’. எக்ஸ்டிஜி என்று தொடங்கும் சூழல் மாறிகளில் வேறு பாதை இருந்தால் அதற்கே முதலிடம். தமிழ் இடைமுகத்தில் உள்நுழைந்தவரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ‘ஆவணங்கள்’ என்ற பெயரிலேயே இருக்கலாம்; அதனால் ‘எக்ஸ்டிஜி யூசர் டிர்’ கட்டளையையோ அதற்கிணையான நூலகச் செயல்கூறையோ கேளுங்கள்.

கேள்வி: டார்க் மோடில் என் செயலியின் சில பெட்டிகளில் எழுத்தே தெரியவில்லை. (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பின்னணிக்கு வெள்ளை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், எழுத்தின் நிறத்தைத் தீமிடம் விட்டிருக்கிறீர்கள். டார்க் தீம் எழுத்தை வெள்ளையாக்குகிறது. இரண்டையும் தீமிடம் விடுங்கள், அல்லது இரண்டையும் நீங்களே சொல்லுங்கள். பாதி பாதி கூடாது.

பயனரின் விருப்பத்தை அறிய லினக்ஸில் போர்ட்டலின் (செயலிக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையே நிற்கும் சேவை) செட்டிங்ஸ் இடைமுகத்தில் ‘கலர் ஸ்கீம்’ மதிப்பைப் படிக்கலாம்: 1 டார்க், 2 லைட், 0 விருப்பம் சொல்லப்படவில்லை. க்யூட்டி 6.5 முதல் இது ‘ஸ்டைல் ஹின்ட்ஸ்’ வழியாகவே கிடைக்கிறது. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியின் பெர்சனலைஸ் பகுதியில் ‘ஆப்ஸ் யூஸ் லைட் தீம்’ 0 என்றால் டார்க். செயலி ஓடும்போதே மாற்றினாலும் மாற வேண்டும், மாற்ற அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாத வேறுபாடு வையுங்கள். சாம்பல்மேல் சாம்பல் எழுதும் நாகரிகம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எதிரானது.

கேள்வி: மூடு பொத்தானை அழுத்தினால் செயலி சிஸ்டம் டிரேக்கு (கடிகாரத்துக்குப் பக்கத்துச் சிறு ஐகான் வரிசைக்கு) போகும்படி செய்தேன். ஃபெடோராவில் செயலி மறைந்தே போகிறது. (சென்னை வாசகர்)

பதில்: க்னோம் 3.26 பதிப்பில், 2017-இல், பழைய டிரே எடுக்கப்பட்டுவிட்டது. உபுண்டு தன் சொந்த நீட்சியைச் சேர்த்துத் தருவதால் அங்கே தெரிகிறது. மற்ற க்னோமில் பயனரே நிறுவினால்தான் உண்டு. டிரே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். க்யூட்டியில் ‘இஸ் சிஸ்டம் டிரே அவைலபிள்’ என்ற செயல்கூறு இருக்கிறது. இல்லை என்று பதில் வந்தால் மூடு பொத்தான் மூடத்தான் வேண்டும். விண்டோஸ் 11-இலும் புதிய ஐகான்கள் அம்புக்குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால், டிரேயை மட்டுமே ஒரே வாசலாக வைப்பது எங்கேயும் சரியல்ல.

கேள்வி: என் ஃபைல் வகைக்கு என் செயலியையே டீஃபால்ட்டாக்க ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறேன். விண்டோஸ் அதை மாற்றிவிட்டு அறிவிப்பும் காட்டுகிறது. இன்னொன்று: ஃபைலை இருமுறை கிளிக் செய்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பிரதி திறக்கிறது. (சேலம் வாசகர்)

பதில்: விண்டோஸ் 8-லிருந்து அந்த முடிவு பயனருடையது. ‘யூசர் சாய்ஸ்’ மதிப்போடு ஒரு ஹாஷும் (கணக்கிட்டுப் பெற்ற சரிபார்ப்புக் குறி) சேர்ந்திருக்கும். வெளியிலிருந்து எழுதினால் ஹாஷ் பொருந்தாது, விண்டோஸ் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். அந்த ஹாஷை உடைக்கும் தந்திரங்களைத் தேட வேண்டாம். புராக்ஐடியை (ஃபைல் வகையைச் செயலியோடு இணைக்கும் பெயர்) கிளாஸஸ் பகுதியில் பதிந்து, வகையின் ‘ஓபன் வித் புராக்ஐடிஸ்’ பட்டியலில் சேர்த்து, மாற்றத்தை ஷெல்லுக்கு அறிவியுங்கள். பிறகு டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தைத் திறந்துகாட்டும் ஒரு பொத்தானைச் செயலியில் வையுங்கள்.

லினக்ஸில் புதிய வகை என்றால் அதன் மைம் (ஃபைல் வகையைக் குறிக்கும் பெயர்) விவரத்தை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக மைம் பேக்கேஜஸ் ஃபோல்டரில் வைத்து ‘அப்டேட் மைம் டேட்டாபேஸ்’ ஓட்டவும். டெஸ்க்டாப் ஃபைலில் மைம்டைப் வரியும், எக்ஸெக் வரியின் கடைசியில் சதவீதக் குறியும் எஃப் எழுத்தும் வேண்டும். சிறிய எஃப் ஒரு ஃபைலுக்கு, பெரிய எஃப் பலவற்றுக்கு. பத்து ஃபைலைத் தேர்ந்து எண்டர் அழுத்தினால் பத்து விண்டோ முளைப்பதற்குச் சிறிய எஃப் ஒரு காரணம்.

இரட்டைப் பிரதிக்கு: இரண்டாவதாகத் தொடங்கும் பிரதி, ஏற்கெனவே ஓடுவதைக் கண்டுபிடித்து ஃபைல் பெயரை அதனிடம் கொடுத்துவிட்டு விலக வேண்டும். ஜிடிகேயின் அப்ளிகேஷன் வகுப்பு இதை டிபஸ் (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் தானே செய்கிறது. விண்டோஸில் பெயரிட்ட மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) ஒன்றும் ‘டபிள்யூஎம் காப்பி டேட்டா’ செய்தியும் போதும். பழைய விண்டோ முன்னால் வராமல் டாஸ்க்பாரில் மின்னிக்கொண்டே இருந்தால், இரண்டாவது பிரதி விலகும் முன் ‘அலவ் செட் ஃபோர்கிரவுண்ட் விண்டோ’ அழைக்க மறந்திருக்கிறீர்கள்.

கேள்வி: பயனர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஷட்டவுன் கொடுத்தால் தரவு போகிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: விண்டோஸ் ‘டபிள்யூஎம் க்வெரி எண்ட் செஷன்’ அனுப்பிச் சுமார் 5 விநாடி காத்திருக்கும். அதற்குள் உரையாடல் பெட்டி போட்டு ‘சேமிக்கவா?’ என்று கேட்பது வீண். வரைவாகச் சேமித்துவிட்டு அடுத்த முறை திறக்கும்போது கேளுங்கள். உண்மையிலேயே நிறுத்த முடியாத வேலை என்றால் ‘ஷட்டவுன் பிளாக் ரீசன் கிரியேட்’ மூலம் காரணத்தை ஒரு வரியில் எழுதினால் அது பயனருக்குத் தெரியும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் மேலாளர்) உள்ள லினக்ஸிலும் தாமதக் கோரிக்கைக்கு இயல்பாக 5 விநாடிதான்.

மின்சாரம் போனால் எந்தச் செய்தியும் வராது. அதற்கு: பழைய ஃபைலின்மேல் எழுதாமல், அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலில் முழுதும் எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியதை டிஸ்கில் சேரவைத்து), பிறகு பெயர் மாற்றுங்கள். தற்காலிக ஃபைலை வேறு டிரைவில் வைத்தால் பெயர் மாற்றம் நகலெடுப்பாகிவிடும், நோக்கமே கெடும்.

கேள்வி: இரண்டாவது மானிட்டரைக் கழற்றியபின் செயலி ஓடுகிறது, விண்டோ எங்கேயும் இல்லை. (வேலூர் வாசகர்)

பதில்: கடைசியாக இருந்த இடத்தைச் சேமித்து அப்படியே திரும்ப வைக்கிறீர்கள். விண்டோஸில் ‘மானிட்டர் ஃப்ரம் ரெக்ட்’ கொண்டு அந்தச் செவ்வகம் ஏதாவது ஒரு திரையில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் முதன்மைத் திரையின் நடுவில் வையுங்கள். வேலேண்டில் சாதாரண விண்டோ தன் இடத்தைத் தானே தீர்மானிக்க முடியாது, அளவை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கேள்வி: ஒவ்வொரு பில் சேமித்ததும் அறிவிப்பு காட்டுகிறேன். நிறுத்தச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். பயனர் அந்த விண்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அறிவிப்பு தேவையில்லை. பின்னணியில் ஓடும் நீண்ட வேலை முடிந்தாலோ தோற்றாலோ மட்டும் காட்டுங்கள். லினக்ஸில் ஒரே வேலையின் நிலை மாறினால் புதிய அறிவிப்பு அனுப்பாமல் பழைய அறிவிப்பின் எண்ணை ‘ரீப்ளேசஸ் ஐடி’யில் கொடுத்து மாற்றுங்கள். அவசர நிலையாக ‘கிரிட்டிக்கல்’ கொடுத்தால் அது பயனர் மூடும்வரை போகாது; பேக்கப் தோற்றது போன்றவற்றுக்கு மட்டும் வையுங்கள். எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைக் காட்ட விண்டோஸில் டாஸ்க்பார் ஐகானிலேயே பச்சைப் பட்டை போடலாம்.

கேள்வி: செயலிக்குள் ‘அழி’ அழுத்தினால் ஃபைலை நேராக அழிப்பதா, ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புவதா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: பயனர் உருவாக்கிய ஃபைல் என்றால் குப்பைத் தொட்டிக்குத்தான். க்யூட்டி 5.15 முதல் ‘மூவ் டு டிராஷ்’ இருக்கிறது. பைத்தானுக்கு ‘சென்ட் டு டிராஷ்’ நூலகம். விண்டோஸில் ‘ஐஃபைல் ஆபரேஷன்’. பென்டிரைவில் உள்ள ஃபைலை லினக்ஸில் இப்படி அனுப்பினால் அது அந்த டிரைவிலேயே ‘டாட் டிராஷ்’ என்று தொடங்கும் மறைவு ஃபோல்டரில் கிடக்கும், இடம் காலியாகாது. ‘அழித்தேன், இடம் வரவில்லை’ என்று வாடிக்கையாளர் அழைத்தால் தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள்.